தொடக்கூடாத பட்டன்: ஒரகடம் சாலையில் ஒரு ஜெனரேட்டர் கார்

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவில் நிறையத் திட்டியிருக்கிறேன். கோயில் உண்டு, சாப்பாடு உண்டு, வழியும் செலவும் உண்டு. ஆனால் நடுவில் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

போன மே மாதம் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "பேட்டரியோடு பெட்ரோல் ஜெனரேட்டரும் வைத்த கார் வாடகைக்கு வருகிறதாமே, குடும்பத்தோடு நம்பிப் போகலாமா?" நியாயமான கேள்வி. இந்தக் காரில் சக்கரத்தைச் சுற்றுவது மின்மோட்டார் மட்டும்தான். பேட்டரி இறங்கிவிட்டால் பின்னால் இருக்கும் சின்ன பெட்ரோல் எஞ்சின் ஓடி, மின்சாரம் தயாரித்துக் கொடுக்கும். கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனால் வெளியே ஒரு ஜெனரேட்டர் உறுமுமே, அதைக் காருக்குள் வைத்துவிட்ட மாதிரி. வாடகை நிறுவனக்காரன் விளம்பரத்தில் "நானூறு கிலோமீட்டர், கவலையே இல்லை" என்று போட்டிருந்தான். சரி, ஓட்டிப் பார்த்தே எழுதிவிடுவோம் என்று ஒரு செவ்வாய்க்கிழமைக்கு முன்பதிவு செய்தேன். தாம்பரம், வல்லக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர், இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்.

காலை ஒன்பது மணிக்கு வண்டி வந்தது. ஓட்டுநர் ஒரு பெண். பெயர் கற்பகம், முப்பது வயதுக்குள்தான் இருக்கும், வல்லம் பக்கத்துக் கிராமம். திரையில் பேட்டரி அறுபது சதவீதம் என்று காட்டியது. "என்னம்மா, ஃபுல் இல்லையா?" என்றேன்.

"நைட் ஷிப்ட்டு கம்பெனிக்காரங்கள வூட்ல வுட்டுட்டு வந்ததே நாலு மணி மேடம். அதுக்கப்புறம் ஏறினதுதான் இது" என்றாள். நான் கவலைப்படவில்லை. அதற்குத்தானே ஜெனரேட்டர்!

படப்பை தாண்டும்வரை ஏசி ஓடியது. அதன் பிறகு தானாகவே நின்றது என்று நினைத்தேன். இல்லை, கற்பகம்தான் நைசாக அணைத்திருக்கிறாள். ஜன்னல்கள் இறங்கின. கத்திரி வெயில், தொழிற்சாலை லாரிகளின் புழுதி, எல்லாம் முகத்தில். சாலை காலியாக இருக்கும்போதும் ஒரு கன்டெய்னர் லாரிக்குப் பின்னாலேயே ஊர்ந்தாள். காரணம் கேட்டேன். "லாரி காத்த தடுத்துக்கினு போவுது மேடம். பின்னாடியே போனா சார்ஜ் கம்மியா இழுக்கும்" என்றாள். இந்த வண்டி ஓட்டுபவர்கள் எல்லாரும் இப்படித்தானாம். எனக்குப் புரியவில்லை. நானூறு கிலோமீட்டர் ஓடும் காரில் எதற்கு இந்தக் கஞ்சத்தனம்?

வல்லக்கோட்டையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாம்பரத்திலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர். செவ்வாய்க்கிழமை என்பதால் கூட்டம் இருந்தது, ஆனால் வரிசை நகர்ந்தது. முருகன் ஆளைவிட உயரம். கிட்டே நின்று பார்க்கும்போது கண்ணை எடுக்க மனசு வராது. மதியம் நடை சாத்திவிடுவார்கள், பதினொன்றுக்குள் போய்விடுங்கள். செருப்பை வண்டியிலேயே விட்டால் தரை கொதிக்கும், ஓடத் தயாராக இருங்கள்.

வெளியே வந்தால் பேட்டரி இருபது சதவீதம். "ஜெனரேட்டரைப் போடும்மா, ஏசியில் ஜம்மென்று ஸ்ரீபெரும்புதூர் போகலாம்" என்றேன். கற்பகம் கியர் பக்கத்தில் இருந்த ஒரு பட்டனைக் காட்டினாள். அதன்மேல் செலோடேப் ஒட்டியிருந்தது, மூன்று நான்கு அடுக்கு.

"அத தொடக்கூடாது மேடம். தொட்டா சிவப்புப் புள்ளி."

சிவப்புப் புள்ளி என்றால் என்ன தெரியுமா? இந்த வாடகை நிறுவனத்தின் கார்கள் பெரும்பாலும் தொழிற்சாலை ஊழியர்களை ஏற்றி இறக்குபவை. புகையே இல்லாமல் கொண்டுவிடுகிறோம் என்று தொழிற்சாலைகளிடம் பேசி வாங்கிய ஒப்பந்தம். அதனால் ஓட்டுநர் ஜெனரேட்டரைப் போட்டால் அலுவலகத்தில் அவர் பெயருக்கு எதிரே ஒரு புள்ளி விழும். ஒரு மாதத்தில் மூன்று விழுந்தால் ட்யூட்டி கிடையாது, வீட்டில் உட்காரவேண்டியதுதான். நடுரோட்டில் பேட்டரி தீர்ந்து நின்றாலும் அதே புள்ளிதான். கற்பகத்துக்கு அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு.

"மொதலாவது, ஊர்ல ராத்திரி பூரா கரண்ட் இல்ல. சார்ஜ் எப்டி ஏத்தறது? ரெண்டாவது, ஒரு சூப்பர்வைசர் ஏசி போட்டே ஆவணும்னு சண்ட. போட்டேன். சார்ஜ் தீந்து வண்டி நின்னுடுச்சு. எறங்கி நல்லா தூங்கி எழுந்திருப்பாரு அவரு. புள்ளி எனக்கு" என்றாள். அவள் வீட்டுக்காரர் வேலை பார்த்த, கார் பாகங்கள் செய்யும் கம்பெனி மூடிவிட்டதாம். இப்போது வீட்டில் சம்பளம் இவளுடையது மட்டும்தான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. விளம்பரத்தில் ஜெனரேட்டரைக் காட்டி என்னிடம் காசு வாங்குகிறான். தொழிற்சாலையிடம் ஜெனரேட்டரே ஓடாது என்று காசு வாங்குகிறான். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது இந்தப் பெண். என்ன அநியாயம் இது!

"சார்ஜர் தேடுவோம் மேடம், இங்க இல்லாமயா பூடும்?" என்றாள். ஊரே வண்டி செய்கிற ஊராயிற்றே என்று நானும் நம்பினேன். ஒரகடத்தில் ஓர் உணவகத்தின் வாகன நிறுத்தத்தில் இரண்டு சார்ஜர். ஒன்றில் விளக்கே எரியவில்லை. இன்னொன்றின் முன்னால் ஒரு டீசல் கார், நிழல் இருக்கிறதென்று நிறுத்தியிருக்கிறார் மகராசன். உள்ளே போய்க் கேட்டால், "பிரியாணி சாப்ட்டுக்கினு கீறேன்ல, செத்த இருங்க" என்றார். அந்தச் "செத்த" நேரம் முடியவே இல்லை. நாங்களும் அங்கேயே சாப்பாடு சாப்பிட்டோம், ஆளுக்கு நூற்றைம்பது. ரசம் மட்டும் தேறும். அதற்குள் அவர் பீடாவுக்குப் போய்விட்டார்.

பன்னிரண்டு சதவீதத்தோடு வல்லம் வடகால் தொழிற்பேட்டைக்கு விட்டோம். அங்கே ஒரு தொழிற்சாலை வாசலுக்கு உள்ளே ஆறு சார்ஜர்கள் வரிசையாக, ஒரு வண்டிகூட இல்லாமல் நிற்கின்றன. காவலுக்கு நின்ற தம்பி திருநெல்வேலிப் பக்கம் போல. "ஸ்டாஃப்க்கு மட்டும்தான்க்கா. உள்ள விட்டா எனக்கு வேல போயிரும். மேல பாருங்க, கேமரா" என்றான். காலியாகத்தானே கிடக்கிறது என்றேன். "காலியாத்தான்க்கா கெடக்கு. நா என்ன செய்ய, சொல்லுங்க" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவனைத் திட்டி என்ன பிரயோஜனம்? அவனுக்கும் ஏதோ ஒரு புள்ளி இருக்கும்.

ஆறு சதவீதம். ஸ்ரீபெரும்புதூருக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாக வெளியே வந்து, நெரிசலில் நகரவே முடியவில்லை. நின்றாலும் புள்ளி, போட்டாலும் புள்ளி. கற்பகத்தின் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவும் இல்லை.

"ஏம்மா, நான் அமுக்கினால்?" என்றேன்.

"கஸ்டமரே அமுக்கினா கஸ்டமர் மேல போவும். ஆனா ஆபீஸ்லேந்து போன் போட்டு உங்களாண்ட கேப்பாங்க. எல்லாரும் அப்ப, 'எனக்குத் தெரியாதுப்பா, டிரைவர்தான்'னு சொல்லிட்டு எறங்கிடுவாங்க. அதான் நாங்க கேக்கறதே இல்ல."

நகத்தால் டேப்பைப் பிய்த்தேன். லேசில் வரவில்லை, பாழாய்ப்போனது. அமுக்கினேன். பின்னாலிருந்து உர்ரென்று ஒரு சத்தம். ஜன்னலை ஏற்றி ஏசியையும் நானே போட்டேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, போன். கற்பகம் ஸ்பீக்கரில் போட்டாள். இளம் குரல், பயங்கர மரியாதை.

"மேடம், டிரைவர் உங்களைப் போடச் சொன்னாங்களா?"

"இல்லப்பா. தொடக்கூடாதுன்னு சொன்னாங்க. நான்தான் போட்டேன்."

"இது பசுமை வண்டி மேடம்..."

"பசுமை வண்டியில பெட்ரோல் டேங்க் எதுக்கு? குங்குமம் வெச்சுக் கும்பிடவா?"

"உங்க பேர்ல நோட் பண்ணவேண்டியிருக்கும் மேடம்."

"பெரிய எழுத்தா நோட் பண்ணு. டிரைவர் பேர்ல ஒரு புள்ளி விழுந்ததுன்னா நேரா உங்க ஆபீஸுக்கு வந்து உக்காந்துக்குவேன். எனக்கு வேற வேலையும் இல்ல."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. கற்பகம் திரையைத் தட்டித் தன் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டே புள்ளி. "யப்பா!" என்று இருக்கையில் சாய்ந்தாள். அதுவரைக்கும் மேடம், அதற்கப்புறம் நான் அக்கா.

ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜர் சன்னதி நடை நான்கு மணிக்குத்தான் திறக்கும். வண்டியைத் திறந்தவெளியில் நிறுத்தினோம். நான் ஜெனரேட்டரை அணைக்கவில்லை. கஸ்டமர் போட்டதை டிரைவர் அணைக்கக்கூடாது அல்லவா? காபி குடித்து, கடைத்தெரு சுற்றி, தரிசனமும் முடித்து ஐந்து மணிக்குத் திரும்பியபோது பேட்டரி ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவளுடைய ராத்திரி ட்யூட்டிக்கு அது போதும். அதன்பிறகு அணைத்தேன்.

தாம்பரம் வரைக்கும் அவளைத் திரும்ப இழுக்க மனசில்லை. ஊரில் ரயில் கிடையாது. பேருந்து நிலையத்தில் இறங்கிக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் செயலியில் செய்தி வந்தது: இனி அவர்களுடைய பசுமை வண்டிகளை நான் முன்பதிவு செய்ய முடியாதாம். போங்கடா!

வாசகிக்குப் பதில்: கார் அருமை. சத்தம் குறைவு, ஜெனரேட்டர் ஓடினால் ஏசியும் குளிரும், குடும்பத்தோடு தாராளமாகப் போகலாம். முன்பதிவு செய்யுமுன் ஜெனரேட்டரை யார் போடலாம், போட்டால் யார் தலையில் விழும் என்று போன் செய்து கேளுங்கள். வண்டி வந்ததும் பேட்டரியைப் பாருங்கள். வழியில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரகடம் பக்கம் மட்டும் நம்பிப் போகாதீர்கள். அலுவலகத்திலிருந்து போன் வந்தால் தயவுசெய்து "எனக்குத் தெரியாது" என்று சொல்லாதீர்கள்.

இறங்கும்போது கற்பகத்திடம், "இனிமே தைரியமா இரு" என்றேன். பெரிய சாதனை பண்ணிவிட்ட மிதப்பில் சொன்னேன். அவள் சிரித்தாள்.

"மாசம் முடிய இன்னும் பாதி கீதுக்கா. இன்னிக்கு நீங்க அமுக்கினீங்க. நாளைக்கு ஏர்றவங்க அமுக்குவாங்களா?"

எனக்கு அந்த வண்டியில் இனிமேல் இடமில்லை. நாளைக்கு ஏறப்போவது நீங்கள்தான்.