ஆடிச்சுற்றும் ஒரு பொய்யும்

எழுதிப் பழகாத கை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள், வாக்கியம் கோணலாகத்தான் வரும். இந்த மாத்திரைகளைத் தின்ன ஆரம்பித்ததிலிருந்து மறதியும் கூடிவிட்டது. முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயிற்றில் கேன்சர். ஈரலுக்கும் பரவிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று திருநெல்வேலி டாக்டர் என் மகனிடம்தான் சொன்னார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மகன் வந்து, "ஒண்ணுமில்லம்மா, வயித்துப்புண்ணு" என்றான். மருமகள் ராயகிரியில் இருக்கும் தன் அம்மாவுக்குப் போனில் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கே தெரியும். சத்தமாகப் பேசுகிறவள். அடுத்த நாள் தெருவுக்கே தெரிந்தது. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்து, பிணத்தைப் பார்ப்பதுபோல என் கால்மாட்டில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

தெரியாதது என் பேத்திக்கு மட்டும். நாலாம் வகுப்பு படிக்கிறாள். "பிள்ள பயந்துரும், படிப்பு கெட்டுரும்" என்று புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்துகொண்டார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதிகம் பேசாதவளை யார் கேட்பார்கள்?

அதோடு விட்டிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியதும் மருமகள் பிள்ளையைக் கூப்பிட்டு, "ஆச்சிக்குப் புண்ணு ஆறணும்னு வேண்டிக்கிட்டு நூத்தியொரு சுத்து சுத்து. ஒண்ணு கொறஞ்சாலும் பலிக்காது, பாத்துக்கோ" என்றாள். அந்தத் திருவிழா நாட்களில் எங்கள் ஊர்க் கோவிலைச் சுற்றுவதற்கு ஆடிச்சுற்று என்று பேர். பெரியவர்களே கால் வீங்கிப் படுத்துவிடுவார்கள். என்னைப் பார்க்க வருகிறவர்கள் ஏதாவது உளறும்போது பிள்ளை வீட்டில் இருக்கக் கூடாது. அதற்கு இந்த ஏற்பாடு. எனக்குத் தெரியாதா?

பிள்ளை பள்ளிக்கூடம் விட்டதும் ஓடும். ஒரு பையில் புளியங்கொட்டை, சுற்றுக்கு ஒன்றாக மறு பைக்கு மாற்றும். வந்து, உள்ளங்காலில் தானே எண்ணெய் தேய்த்துக்கொண்டு, "ஆச்சி, வலி கொறஞ்சிருக்கா?" என்று கேட்கும். "கொறஞ்சிருக்கு மக்கா" என்பேன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

தபசு முடிந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடித்த கஞ்சியெல்லாம் வாந்தியாக வந்தது. வாளியைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை தேம்ப ஆரம்பித்தது.

"நாந்தான் ஆச்சி கெடுத்துட்டேன். நடுவுல ஐஸ் வாங்கித் தின்னேன். அப்ப கொட்ட கீழ விழுந்துட்டு. ஒரு சுத்து கொறஞ்சிருக்கும். அதான் ஒனக்கு ஆறல."

மருமகள் அடுக்களை வாசலில் நின்று கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் சொன்னது, "சரி விடு, அடுத்த வருசம் ஒழுங்காச் சுத்து."

அடுத்த வருடமாம்.

"ஏட்டி, வாய மூடு" என்றேன். அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அவளை ஏட்டி என்றதில்லை. பிள்ளையைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தேன்.

"மக்கா, நீ ஆயிரம் சுத்து சுத்துனாலும் இது ஆறாது. இது புண்ணு இல்ல, கேன்சரு. ஆச்சி செத்துப்போவேன். ஒங்க அப்பாவும் அம்மாவும் அது தெரிஞ்சேதான் ஒன்னச் சுத்தவிட்டாவ."

"வாயில்லாப் பூச்சின்னு நெனச்சேன். பிள்ள மனசுல வெசத்த வச்சிட்டியள அத்த!" என்று மருமகள் கத்தினாள். மகன் ஓடிவந்து, "எம்மா, ஒனக்குப் புத்தி பெரண்டுட்டா?" என்றான்.

"வெசம் வச்சது யாருலே? ஆச்சிய நாந்தான் கொன்னேன்னு நெனச்சிக்கிட்டே அது வளரணுமா?" என்றேன்.

பிள்ளை எங்களில் யாரையும் பார்க்காமல், "அப்ப ஐஸ் தின்னது தப்பில்லயா?" என்று கேட்டது.

"தப்பில்ல. நாளைக்கும் வாங்கித் தின்னு."

"கொறஞ்சிருக்குன்னு நீயும் பொய்தான சொன்ன?"

பிள்ளை நாலைந்து நாள் என்னோடு பேசவில்லை. மருமகள் இன்றுவரை பேசவில்லை. தட்டைத் தரையில் சத்தம் கேட்க வைத்துவிட்டுப் போகிறாள். வைக்கட்டும். பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "இன்னைக்கு நெசமா எப்படி இருக்கு?" என்று கேட்கிறது. நிஜத்தைச் சொல்கிறேன்.

கிழமை, யார் முதலில் கத்தியது என்பதிலெல்லாம் நான் பிசகியிருக்கலாம். படிக்கிறவர்கள் யாராவது விசாரித்துத் திருத்திவிடுங்கள். மகனிடமும் மருமகளிடமும் கேட்க வேண்டாம். பிள்ளையிடம் கேளுங்கள்.