வதனாவின் பிழை நேரம்

வதனா காலமான செய்தி எனக்கு வருவதற்கு முன்பே என் மகள் அபிராமிக்குப் போய்விட்டது. ஒரே பாடசாலையில், ஒரே ஆசிரியர் அறையில், அடுத்தடுத்த கதிரைகளில் அவரோடு இத்தனை வருடம் இருந்தவள் நான். வதனாவின் கணவர் முதலில் அழைத்தது ஹவுன்ஸ்லோவில் வாடகை அறையில் இருக்கும் அபிராமியை. "அம்மா, இருந்துகொண்டு கேளுங்கோ. வதனா மிஸ் போயிட்டா. ஹார்ட் அற்றாக்" என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். அவள் அழுத அழுகையில் நானும் அழுதேன், ஆறுதலும் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அந்த மனுசன் எனக்கு ஏன் முதலில் சொல்லவில்லை என்று மனம் கேட்டது. செத்த வீட்டிலும் போட்டி பார்க்கிற மனம் எனக்கு.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வெளிவரும் இந்த நினைவு மலரில் எழுதும்படி வதனாவின் கணவர் கேட்டபோது, "நல்லதை மட்டும்தான் எழுதவேணுமோ?" என்று கேட்டேன். "உண்மையை எழுதுங்கோ அக்கா. அவவுக்கு அதுதான் பிடிக்கும்" என்றார். ஆகவே எழுதுகிறேன். எனக்கு வதனாமேல் பொறாமை. இருந்தது என்று எழுதக் கை வரவில்லை, இன்னும் இருக்கிறது.

எங்கள் பாடசாலை தென் லண்டனில் உள்ள ஒரு சின்ன அரசுப் பாடசாலை. கட்டணம் கிடையாது, ஆனால் நுழைவுப் பரீட்சை உண்டு. பரீட்சைப் பெறுபேறுகளால் பெயரெடுத்தது. நோர்பரியிலும் தோர்ண்டன் ஹீத்திலும் நம்மவர் வீடுகளில் பிள்ளை வாய்ப்பாடு சொல்லத் தொடங்கும்போதே எங்கள் பாடசாலையின் பெயர் அடிபடும். எந்த ரியூஷனுக்கு அனுப்புகிறீர்கள் என்று கேட்டால், "ரியூஷனோ? இவன் தன்பாட்டிலை படிக்கிறான்" என்பார்கள். அடுத்த சனிக்கிழமை ஒரே ரியூஷன் வாசலில் ஒருவரையொருவர் கண்டு காருக்குள் குனிந்துகொள்வார்கள். அப்படிக் குனிந்தவர்களில் நானும் ஒருத்தி.

பெற்றோர் பாடசாலையைச் சுற்றிப் பார்க்க வரும் நாளொன்றில், இரண்டு தமிழ் முகங்களைக் கண்ட சந்தோஷத்தில் ஒரு தகப்பன் எங்களிடம் வந்தார். "எங்கடை பிள்ளையள் இங்கை கனபேரோ, ரீச்சர்?" என்று கேட்டார். "ஓம், கனபேர்" என்றேன் பெருமையோடு. குஜராத்திப் பிள்ளைகள், கொரியப் பிள்ளைகள், இரண்டு பஸ் மாறி வருகிறவர்கள் என்று அடுக்கிக்கொண்டும் போனேன். வதனா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினார். "அந்தா தெரியிற கவுன்சில் பிளாற்ஸிலை இருந்து எத்தினை பிள்ளையள் வருகினம் எண்டும் கேளுங்கோ அண்ணை. ஒருத்தரும் அதைக் கேக்கினம் இல்லை." அந்த மனிதர் விழித்தார். நானும்தான் விழித்தேன். வசதி குறைந்தவர்களுக்கு நகரசபை குறைந்த வாடகைக்குக் கொடுக்கும், தெருவைக் கடந்தால் வந்துவிடக்கூடிய அந்தக் கட்டடத்திலிருந்து ஒரு பிள்ளைகூட என் வகுப்பில் இருந்ததாக நினைவில்லை. அதற்குப் பிறகு வதனா சனிக்கிழமைகளில் அந்தப் பிளாற்ஸின் பொது மண்டபத்தில் இலவசமாகக் கணிதம் சொல்லிக்கொடுத்தார். அங்கிருந்து சில பிள்ளைகள் பரீட்சை எழுதி உள்ளே வந்தார்கள். அதிபர் பாராட்டியபோது நானும் கைதட்டினேன். அந்த ஜன்னல் ஓரம் இருந்ததே என் கதிரைதான், எனக்கு ஏன் அது கண்ணில் படவில்லை என்று வயிறு எரிந்தபடி கைதட்டினேன்.

வதனாவின் வகுப்பு பிழையோடுதான் தொடங்கும். வீட்டுக் கணக்கில் விட்ட பிழையை ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல வேண்டும். தான் கரும்பலகையில் விட்ட பிழையை முதலில் அவரே சொல்வார். பிள்ளைகள் அதற்குப் பிழை நேரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். சரியான விடையை மட்டும் சொல்லச் சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள் அவை. அதுகள் வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் சுவரைத் தாண்டி என் வகுப்புக்குக் கேட்கும். என் வகுப்பில் ஊசி விழுந்தால் கேட்கும். "பிழையைச் சிரிச்சுக்கொண்டு சொல்லப் பழகினா, பிறகு ஒளிக்க மாட்டுதுகள்" என்பார் வதனா.

பெறுபேறுகளில் நான்தான் மேலே. இதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு முறை அதிபர் எல்லாப் பாடங்களின் பெறுபேறுகளையும் திரையில் போட்டபோது, என் பௌதிகவியல் முழுக்கப் பச்சை. வதனாவின் கணிதத்தில் ஆங்காங்கே சிவப்பு. தள்ளாடும் பிள்ளைகளை வேறு பாடத்துக்கு மாற்றிவிட அவர் சம்மதிப்பதில்லை, அதனால் வந்த சிவப்பு. என் பக்கம் சாய்ந்து, "அந்தச் சிவப்பு ஒவ்வொண்டுக்கும் எனக்குப் பேர் தெரியும்" என்று தமிழில் சொன்னார். பெறுபேறு வந்த நாளில் பிள்ளைகள் மண்டபத்துக்குள் ஓடிவந்தார்கள். என் பச்சைப் பிள்ளைகள் எனக்கு மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு, என்னைத் தாண்டிப் போய் வதனாவைக் கட்டிப்பிடித்தார்கள்.

அபிராமியும் எங்கள் பாடசாலையில்தான் படித்தாள். அவள் மருத்துவம் படிக்கப்போகிறாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். சொந்தக்காரர் அவளை டொக்டர் என்றே கூப்பிட்டார்கள். கோயில் ஐயர்கூட, "டொக்டர் பிள்ளையின்ரை நட்சத்திரம் என்ன?" என்று கேட்டுத்தான் அர்ச்சனை செய்வார். பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் நேரம் அவள் சமையலறைக்கு வந்து, "அம்மா, நான் மெடிசின் செய்யேல்லை. மற்ஸ் படிக்கப் போறன்" என்றாள். கணிதத்தைத் தேர்ந்ததற்கான காரணங்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு சொல் தடுமாறாமல் சொன்னாள். அந்தத் தெளிவே எனக்குச் சந்தேகத்தைத் தந்தது. "ஆரோடை கதைச்சனி?" என்றேன். "வதனா மிஸ்ஸோடை. சம்மருக்கு முதலே."

மறுநாள் ஆசிரியர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வதனாவைக் கேட்டேன். "பெத்தவள் நான் பக்கத்துக் கதிரையிலை இருக்கிறன். என்னட்டை ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

வதனாவுக்குக் கோபம் வரவில்லை. "அது அவளின்ரை கதை அக்கா, நான் எப்பிடிச் சொல்லுறது? உங்களுக்கு முன்னாலை தடுமாறக் கூடாது எண்டு அவளுக்குப் பயம். 'முதல்லை பிழையாச் சொல்லு பிள்ளை' எண்டன். அழுதழுது, பிழை பிழையாச் சொல்லிப் பாத்தவள். நேற்று நல்லாச் சொன்னவளோ?"

நன்றாகத்தான் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது. என் பிள்ளையின் அழுகையும் தடுமாற்றமும் வதனாவுக்குப் போய், துடைத்துத் துப்புரவாக்கிய பேச்சு மட்டும் எனக்கு வந்திருக்கிறது. மருத்துவம் போனதை நான் ஒரு வருடத்தில் மறந்துவிட்டேன். இதை இன்றுவரை மறக்கவில்லை.

செத்த வீடு முடிந்த பின் போன சனிக்கிழமை அபிராமி வந்தாள். அதே சமையலறையில் நின்று, "அம்மா, ஒண்டு சொல்லவேணும்" என்றாள். தொடங்கினாள், நிறுத்தினாள். "வேலை... இல்லை, அது... எப்பிடிச் சொல்லுறதெண்டு தெரியேல்லை அம்மா." அவள் என்னிடம் இப்படி வந்ததே இல்லை. சொல்லிப் பார்ப்பதற்கு அவளுக்கு இப்போது ஆள் இல்லை என்பது எனக்கு மெல்ல விளங்கியது.

"முதல்லை பிழையாச் சொல்லு பிள்ளை" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, மூக்கைத் துடைத்துத் துடைத்து, முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். வங்கி வேலையை விடப்போகிறாளாம். ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறதாம்.

"என்ன பாடம்?" என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

"மற்ஸ், அம்மா."

பேச்சுக்காவது பௌதிகம் என்று சொல்லியிருக்கலாம்.

வதனா, உங்களிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு வசனம். என் மகள் முதன்முதலாக என் முன்னால் தடுமாறி அழுதாள், அதைக் கேட்டு வாங்குவதற்கும் உங்கள் வாய்ச்சொல்தான் எனக்கு வேண்டியிருந்தது. பொறாமையாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வசனத்தைத் திருப்பித் தரமாட்டேன்.