அஞ்சு கட்டை அன்னத்தாய்

சின்னமனூரில் வெறுமனே அன்னத்தாய் என்றால் எந்த அன்னத்தாய் என்பார்கள். அஞ்சு கட்டை அன்னத்தாய் என்றால் ஆட்டோக்காரரே வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார். ஆர்மோனியத்தின் ஐந்தாவது வெள்ளைக் கட்டை அவள் சுருதி. பேரன் எடுத்த வயதிலும் அதைவிட்டு இறங்காதவள் என்று பெயர்.

கணவர் சங்கரலிங்கம் மேகமலைச் சாரல் இன்னிசைக் குழுவைத் தொடங்கியபோது அவர் வாசிக்க ஓர் ஆர்மோனியம், ஒரு தபலா, இவள் தொண்டை. அவ்வளவுதான். ஏலக்காய் ஜீப்பில் மலையேறிக் குமுளியில் பாடினார்கள். அங்கே கேட்கிறார்களே என்று மலையாளப் பாட்டும் நெட்டுருப் போட்டாள். பிறகு கீபோர்டு வந்தது, ரிதம் பேட் வந்தது, கிடாரும் புல்லாங்குழலும் சேர்ந்தன, சொந்த வேன் நின்றது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கச்சேரி மட்டும் என்றைக்கும் அவளுடைய அம்மன் பாட்டில்தான் தொடங்கும்.

தை மாதம் சங்கரலிங்கம் மாரடைப்பில் போய்விட்டார். பங்குனியில் ஜெயமங்கலம் திருவிழா. அவர் வாக்குக் கொடுத்த கச்சேரி. இவள் வரமாட்டாள் என்றே குழுவில் நினைத்தார்கள்.

"நான் பாடாம இருந்தா அவுக போனது நெசம்னு ஆயிரும்" என்று சொல்லி வேனில் ஏறினாள்.

அவர் வாசித்துவந்த கீபோர்டுக்குப் போடியிலிருந்து திலீபன் நேராக மேடைக்கு வந்திருந்தான். "எந்தக் கட்டைங்கம்மா?"

"ஊருக்கே தெரியும், ஒனக்குத் தெரியாதாக்கும்? அஞ்சுப்பா."

புல்லாங்குழல் ஒச்சாண்டி இருமினார். கிடார்காரர் தலையைக் குனிந்துகொண்டார். யாராவது அவனிடம் முன்பே சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருந்தார்கள்.

பல்லவி எப்படியோ தப்பித்தது. சரணத்தில் ஏறும் இடத்தில் குரல் பிளந்தது. ஒலிபெருக்கி அதை ஊர்க்கோடிவரை கொண்டுபோனது.

"ஆத்தாவுக்கு ஒரு சோடா குடுங்கய்யா!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

அவள் மைக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். "ஏன் ஊதாம நிக்கிறீக?"

"மதினி, எங்கையில இருக்கது மூணு கட்டைக் கொழலு."

"மூணா? எதுக்கு?"

ஒச்சாண்டி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தொண்டை ஆபரேசனுக்குப் பெறகு ஒங்களுக்கு மேல எட்டல. கீபோர்டுல ஒரு பட்டன் இருக்கு. வெரலு அஞ்சுல இருக்கும், சத்தம் எறங்கி வரும். அண்ணன் கொஞ்சங்கொஞ்சமா எறக்குனாக. மூச்சு விடக்கூடாதுன்னு எங்ககிட்டச் சத்தியம் வாங்கிட்டாக."

ஒவ்வொரு கச்சேரியிலும் அவள் சரிபார்த்திருக்கிறாள். அவர் விரல் அந்த ஐந்தாவது கட்டையில்தான் இருந்தது.

"எல்லாருஞ் சேந்து என்னையக் கேணச்சி ஆக்கிட்டீகளேய்யா."

வீடாக இருந்தால், அவர் இருந்தால், ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பாள். இங்கே கமிட்டித் தலைவர் கையை ஆட்டி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார்.

"மூணுல வையிப்பா" என்றாள் திலீபனிடம்.

இந்த முறை குழல் கூட வந்தது. குரல் எங்கும் இடறவில்லை. சரணத்தில் தானாக ஏறி நின்றது. எத்தனையோ வருடங்களாகத் தன்னுடைய ஐந்து என்று அவள் நம்பியிருந்த இடம் இதுதான். அவர் இறக்கி வைத்த இடம். முழுப் பாட்டையும் பாடி முடித்தாள். கைதட்டினார்கள்.

அடுத்த பாட்டுக்கு ஆள் வந்ததும் மேடைக்குப் பின்னால் போய், ஜெனரேட்டர் ஓரம் மண்ணில் உட்கார்ந்தாள். சாவு வீட்டில்கூட அழாதவள். ஜெனரேட்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.