பட்டி பார்த்த ஓடு

அடிபட்ட காரை அடிபடாத கார் ஆக்குவதுதான் அவர் தொழில். நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்தி, பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டால் அடி எங்கே என்று சொந்தக்காரருக்கே தெரியாது. பட்டறையில் அவருக்குப் பட்டிக்காரர் என்றே பெயர். கை அவ்வளவு சுத்தம். வாய்தான் எந்தத் தப்பையும் லேசில் ஒப்புக்கொள்ளாது.

வீட்டில் ஓர் ஆமை இருந்தது. மனைவி சின்ன வயதிலிருந்து வளர்த்தது, கல்யாணமாகி அவளோடு கூடவே வந்தது. இந்த வீட்டில் அவளுக்குத் தன்னைவிட அதைத்தான் அதிக நாள் தெரியும் என்பதால், அவர் அதைப் 'பெரியவர்' என்று கேலி செய்வார்.

அவள் கடைக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தொட்டியைக் கழுவலாமென்று பெரியவரை ஒரு கையில் தூக்கினார். மறு கையில் போன். அரட்டை சுவாரஸ்யத்தில் பிடி நழுவியது. ஓட்டின் மேல் விரல் நீளத்துக்கு வெடிப்பு, ஓரத்தில் ரத்தம்.

வேறு யாராக இருந்தாலும் டாக்டரிடம் ஓடியிருப்பார்கள். இவர் பெரியவரைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு ஓடினார். ரத்தத்தைத் துடைத்து, வெடிப்பில் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, கட்டத்துக்குக் கட்டம் நிறம் சேர்த்துவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. அவள் வந்து பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. அவருக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட, வெட்கங்கெட்ட பெருமை.

நாலைந்து நாளில் பெரியவர் சாப்பாட்டை நிறுத்தினார்.

"புதுக் கடையில கீரை வாங்கினேங்க. மருந்தடிச்ச கீரையோ என்னவோ! என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்," என்று அவள் தொட்டியருகே உட்கார்ந்து அழுதாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தட்டிக்கொடுத்தார். "விடும்மா, சரியாயிடும்." குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருக்குக் குறுகுறுக்கவில்லை, குத்தியது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

கடைசியில் அவள்தான் பெரியவரை டாக்டரம்மாவிடம் தூக்கிப்போனாள், அவரும் கூடப் போனார். "கீரையை மாத்திட்டேன் டாக்டர். எல்லாம் என் தப்புதான்."

டாக்டரம்மா ஓட்டை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தார். "கீரையில்லைம்மா. ஓட்டுக்குள்ள சீழ் பிடிச்சிருக்கு. இங்க என்ன அடிபட்டுச்சு?"

"அடியே படலையே..."

"நான்தான் கீழ போட்டேன்," என்றார் பட்டிக்காரர். "அடைச்சதும் நான்தான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கைவேலையை டாக்டரம்மா சுரண்டி எடுத்தார். வெடிப்பு முன்பைவிட அகலமாக, கறுத்துப்போய்த் திறந்துகொண்டது. "தினம் கழுவி மருந்து போடுங்க. நான் சொல்ற வரைக்கும் எதையும் வெச்சு மூடாதீங்க."

ஆட்டோவில் பெரியவரை மடியில் வைத்திருந்தவள் வீடு நெருங்கும்போதுதான் பேசினாள். "கை தவறுறது எல்லாருக்கும் நடக்கும். ஆனா இதுக்கு நான் என்ன பண்ணிட்டேனோன்னு தினம் அழுதேனே, பக்கத்துல உக்காந்து தட்டிக்கொடுத்தீங்களே, அது எப்படிங்க முடிஞ்சுது?"

வீடு வந்ததும் அவர் இறங்கி ஆட்டோவுக்குக் காசை எண்ணிக் கொடுத்தார்.

தினமும் பட்டறைக்குக் கிளம்புமுன் அவர்தான் புண்ணைக் கழுவி மருந்து போட்டார். வெகுநாள் கழித்து ஒரு காலையில் பெரியவர் கழுத்தை நீட்டி அவள் கையிலிருந்த கீரையைக் கடித்தார். அவள் அழுதுவிட்டாள். தட்டிக்கொடுக்க அவர் கை தானாக எழுந்தது. பாதியில் அதை இறக்கிக்கொண்டு, மருந்து டப்பாவை மூடி வைத்தார்.