கறுப்புக் கட்டையைத் தொடாதவர்

என் வீட்டுக்காரர் கீபோர்டு வாங்கியது தொண்ணூற்றொன்றில். தொழிற்சாலையில் லேத் ஓட்டிவிட்டு பெங்களூர் லிங்கராஜபுரம் வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவுவார், காபி குடிப்பார், வாசிக்க உட்கார்ந்துவிடுவார். பத்து வருஷம் இதே கதைதான். ஆனால் மனிதர் வெள்ளைக் கட்டைகளில் மட்டும்தான் வாசிப்பார். பாடுகிறவர்களுக்காகச் சுருதியை ஏற்றவோ இறக்கவோ வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அழுத்துவார், கீபோர்டே மாற்றிக்கொள்ளும். "கறுப்புக் கட்டை எதுக்குங்க இருக்கு, அழகுக்கா?" என்று கேட்டால், "மெஷினு செய்யற வேலைய நான் எதுக்குடீ செய்யணும்?" என்பார். லேத்காரர் நியாயம்!

அவருக்கு ஒரே ஆசை. எங்கள் சர்ச்சில் ஒரே ஒரு பாட்டுக்காவது வாசித்துவிட வேண்டும். பாடகர் குழுவை நடத்திய அக்கா மகா கண்டிப்பு. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இவர் போய்க் கேட்பார். "அடுத்த வருஷம் பாக்கலாம் பிரதர்" என்று பதில் வரும். சிரித்துக்கொண்டேதான் திரும்புவார், அன்றைக்குச் சாப்பாடு மட்டும் இறங்காது.

கடைசியில் எங்கள் மகள் கல்யாணத்துக்கு அந்த அக்கா மனமிறங்கினார். பெண் உள்ளே வரும்போது பாடும் கீர்த்தனைக்கு இவர் வாசிக்கலாம். எனக்கும் சந்தோஷம்தான், கொஞ்சம் யோசித்துப் பார்க்கும்வரை.

"அப்போ பொண்ணு கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றது யாரு? அப்பாதானேங்க?"

"நீ கூட்டிட்டு வா. மாப்பிள்ளை கையில ஒப்புக்கொடுக்கிற நேரத்துல நான் எழுந்து வந்துடறேன்."

"அப்பன் குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கான், ஆத்தா கூட்டிட்டு வர்றாள்னு சனம் சிரிக்கும்!"

மகள்தான் நடுவில் புகுந்தாள். "சும்னே இரும்மா. அப்பா வாசிக்கட்டும். நீயே வா."

கல்யாணத்தன்று நானும் மகளும் சர்ச் வாசலில் வந்து நின்ற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. கீபோர்டு செத்தது. ஓரத்தில் காலால் மிதித்து வாசிக்கும் பழைய ஆர்மோனியம் ஒன்று கிடந்தது. இவர் ஓடிப்போய் அதன்முன் உட்கார்ந்து, பழக்கப்படி வெள்ளைக் கட்டைகளில் கையை வைத்தார். அதில் பொத்தானுக்கு எங்கே போவது? ஒத்திகையில் பாடியதைவிடப் பாட்டு எங்கேயோ உயரத்தில் கிளம்பியது. குழுவில் இருந்த பெண்கள் இரண்டு வரி கீச்சிட்டுப் பார்த்துவிட்டு, ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டார்கள். எனக்கு மானம் போயிற்று. மகளோ முக்காட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

இவர் நிறுத்தினால்தானே! யாருமே பாடாத பாட்டுக்குத் தனியாக வாசித்துக்கொண்டிருந்தார். நாங்கள் நடந்து பீடத்துக்கே வந்துவிட்டோம். போதகர் புத்தகத்தைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். அந்த அக்கா இவர் தோளைத் தொட்டு, "போதும் பிரதர், எழுந்திருங்க" என்றார்.

"இன்னும் ஒரு சரணம் இருக்குக்கா."

சர்ச் முழுக்கக் கேட்டது. வீட்டுக்கு வரட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். புதுச் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கால் மிதித்துக்கொண்டேயிருக்க, உதடு மட்டும் சரணத்தை முணுமுணுத்தது. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. பாவி மனுஷன், பத்து வருஷமாக இதற்குத்தானே காத்திருந்தார்! போதகர் என்னைப் பார்த்தார்.

"கொஞ்சம் பொறுங்க ஐயா," என்றேன். "முடிச்சிட்டு வரட்டும்."