அங்கோர்வாட்டில் நான்கு நாள்

மூன்றாவது தடவையாகக் கணக்குப் போட்டேன். கம்போடியாவில், அங்கோர்வாட்டில் நான்கு நாள். நாளொன்றுக்கு அறை, சாப்பாடு, கோயில் டிக்கட், ஆட்டோ. உட்காரப் பொறுமையில்லை, எங்கள் லயத்து வீட்டின் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே போனில் தட்டினேன். காலைக்கு ரொட்டி சுட்டுக் கொண்டுபோனால் முதல் நாள் ஒரு வேளை மிச்சம்.

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"அந்த நாலு நாளைக்கு ஒனக்கு இங்க பேரு போடுவாங்களா?"

தோட்டத்தில் வேலைக்கு வந்த நாளுக்குப் பேர் போட்டால்தான் சம்பளம். நான் வேலை செய்யும் ஹட்டன் டவுன் துணிக்கடையிலும் வராத நாளுக்குச் சம்பளமில்லை. அதை நான் சேர்க்கவே இல்லை.

"ஒங்களுக்கு எப்பவும் இதே நெனப்புதான்!" என்று எரிந்து விழுந்தேன்.

அம்மா தேத்தண்ணி வைக்கப் போய்விட்டார்.

அங்கோர்வாட்டை ஒரே நாளில் பார்த்து முடித்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.