வீரையன் எடுத்துக் கொடுத்த ட்ரோன்கள்

முத்துப்பேட்டைப் பக்கம் தண்ணீரிலோ சேற்றிலோ எதையாவது தொலைத்தவர்கள் முதலில் தேடிப் போவது வீரையன் வீட்டுக்குத்தான். விழுந்தது என்ன, எத்தனை மணிக்கு விழுந்தது, அப்போது காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று மூன்று கேள்வி கேட்பார். பதிலைக் கேட்டுக்கொள்வார். பிறகு கொடியில் கிடக்கும் துண்டை எடுத்துத் தோளில் போட்டால், கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.

வயது ஐம்பத்து நான்கு. அலையாத்திக் காட்டுக்குள் ஓடும் வாய்க்கால்களிலும் அதைத் தாண்டி விரியும் உப்பங்கழியிலும் மீன் பிடிக்கிறவர். பதினைந்து வருடமாக எங்கள் வீட்டுக்கு இறால் கொண்டுவந்து கொடுக்கிறார். சத்தமாகப் பேசத் தெரியாது. இறால் விற்க வந்தால்கூட வாசலில் நின்று ஒருமுறை இருமுவார், அவ்வளவுதான். இந்தக் கதையில் பாதி அவர் சொன்னது. மீதி அவர் மனைவி வள்ளியம்மை சொன்னது. எது சரியாக இருக்கும் என்று கேட்டால் வள்ளியம்மை சொன்னதைத்தான் சொல்வேன்.

தேடி எடுப்பவர் என்ற பெயர் அவருக்குக் கஜா புயலில் வந்தது. அந்தப் புயல் காட்டையே மொட்டையடித்துவிட்டுப் போன மறுநாள், ஊர்க்காரர்களின் படகுகள் எங்கெங்கோ சேற்றில் செருகிக் கிடந்தன. வீரையன் ஒரு பலகையை நெஞ்சுக்கு அடியில் வைத்துச் சேற்றில் நீந்துவதுபோலப் போய், பத்து நாளில் நான்கு படகு, இரண்டு எஞ்சின், ஒரு கிரைண்டர், யாரோ ஒருவருடைய கல்யாண ஆல்பம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கொடுத்தார். அவருடைய சொந்த வத்தைப் படகு மட்டும் கிடைக்கவே இல்லை. இப்போது வைத்திருக்கும் படகு அதற்குப் பிறகு வாங்கியது.

முதல் ட்ரோன் விழுந்தது அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்து. தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த பல் டாக்டர் ஒருவர் படகுத்துறையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"அண்ணே, ட்ரோன் விழுந்துடுச்சு. தண்ணிக்குள்ள விழுந்துடுச்சு. எப்படியாவது காப்பாத்திக் குடுங்க."

"அவருக்கு நீச்சல் தெரியுமாங்க?" என்று கேட்டார் வீரையன்.

இதைச் சொல்லும்போதெல்லாம் வள்ளியம்மைக்குச் சிரிப்பை அடக்க முடியாது. வீரையனும் சிரிப்பார். தெரியாத பெயர், ஆள் என்றுதான் நினைத்தாராம்.

அன்று தண்ணீர் வற்றியதும் போய், சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நீட்டி நிற்கும் அலையாத்தி மூச்சுவேர்களுக்கு நடுவில் நண்டு மாதிரி மல்லாந்து கிடந்ததை எடுத்துவந்தார். நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொடுத்தார். டாக்டருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. உள்ளே இருந்த சிப்பை லேப்டாப்பில் போட்டு, எடுத்த படத்தை வீரையனுக்கும் வள்ளியம்மைக்கும் காட்டினார். நாற்பது வருடமாகக் கழி ஊன்றிப் போய்வந்த வாய்க்கால்கள் புறங்கை நரம்புபோலக் கிளைத்துப் போவதை வீரையன் முதன்முதலாக மேலிருந்து பார்த்தார். ஒரு வளைவில் அரிசி அளவுக்கு ஒரு படகு தெரிந்தது. "அது நம்ம படகுதாங்க, நீங்க கட்டுன மஞ்சக் கயிறு தெரியுது பாருங்க" என்றார் வள்ளியம்மை. அந்த ஒரு படத்துக்காகவே வீரையனுக்கு அந்தச் சின்ன யந்திரத்தின்மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மூன்று ட்ரோன்கள் விழுந்தன. எல்லாம் பொங்கல் விடுமுறையை ஒட்டிய நாட்களில்தான். அது செம்பருந்துகள் கூடுகட்டிக் குஞ்சு வளர்க்கும் காலம். நம் ஊரில் கருடன் என்று சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதே பறவைதான். தன் கூட்டுப் பக்கம் ரீங்காரம் போட்டுக்கொண்டு எது வந்தாலும் பாய்ந்து அடிக்கும். அடிபட்டு விழுந்ததை எல்லாம் வீரையன் எடுத்துக் கொடுத்தார்.

காட்டுக்குள் ட்ரோன் பறக்கவிடக் கூடாது என்று வனத்துறை படகுத்துறையிலேயே பலகை வைத்திருக்கிறது. அதனால்தான் பறக்கவிட்டவர்கள் வனத்துறையிடம் போகாமல் இவரிடம் வந்தார்கள். வீரையனுக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். தினமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகிறார். "அது பறக்கவிடுறவங்களுக்கு எழுதினதுங்க. நான் எடுத்துத்தானே குடுக்குறேன்" என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். அப்போது நானும் சரிதானே என்று தலையாட்டினேன்.

போன வருடம் தை மாதம் நன்னிலத்திலிருந்து ராம்கி வந்தான். கல்யாண வீடியோ எடுப்பவன். இருபத்தெட்டு வயது. மறுவாரம் கல்யாணம் ஆகப்போகும் ஒரு ஜோடியைப் படகில் உட்காரவைத்து மேலிருந்து படமெடுக்கும்போது ட்ரோன் காட்டுக்குள் விழுந்துவிட்டது. ஜோடியைக் கரையில் இறக்கிவிட்டு நேராக வீரையன் வீட்டுக்கு வந்தான். மூன்று கேள்விக்கும் சரியாகப் பதில் சொன்னான். துண்டு தோளுக்குப் போனது. கிளம்பும்போது, "எதுக்குத் தம்பி இவ்வளவு உள்ள விட்டீங்க?" என்று கேட்டார் வீரையன்.

"விழுந்தா வீரையன் அண்ணன் எடுத்துக் குடுத்துடுவாரு, தைரியமா விடுன்னு எங்க குரூப்ல சொன்னாங்கண்ணே" என்றான் ராம்கி. புகழ்ச்சியாகத்தான் சொன்னான். வீரையன் கழியை ஊன்றினார்.

வாய்க்கால் குறுகியதும் படகை ஒரு மரத்தில் கட்டிவிட்டு இறங்கினார். ராம்கி படகிலேயே உட்கார்ந்திருந்தான். முப்பதடி தூரத்தில் ட்ரோன் கிடந்தது. ஒரு இறக்கை ஒடிந்திருந்தது. அதற்கு நான்கடி தள்ளி, மூச்சுவேர்களைப் பற்றியபடி ஒரு செம்பருந்து உட்கார்ந்திருந்தது. வெள்ளைத் தலை நிமிர்ந்து இருந்தது. இடது சிறகு சேற்றில் தொங்கியது. சிறகின் மேற்பகுதியில் சதை கிழிந்து ரத்தம் கசிந்தது. மேலே அதன் துணை வட்டமடித்துக்கொண்டே கத்தியது.

வீரையன் ட்ரோனைத் தாண்டிப் போனார்.

"அண்ணே, இந்தா இங்க கிடக்கு, கால்கிட்ட!" என்று ராம்கி கத்தினான்.

வீரையன் துண்டை விரித்துப் பறவையின்மேல் போட்டார். அது துண்டுக்குள்ளிருந்தே அவர் கட்டைவிரலைக் கிழித்தது. அப்படியே சுருட்டி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பும் வழியில் ட்ரோனையும் எடுத்துக்கொண்டு படகுக்கு வந்தார்.

ராம்கிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அண்ணே, இதைக் கொண்டுபோனா ஃபாரஸ்ட் ஆபீஸ்ல கேள்வி வரும்ணே. அங்கயே விட்டுருங்கண்ணே. தானா சரியாயிடும்."

"ரெண்டும் ஒண்ணாத்தான தம்பி விழுந்துச்சு? ஒண்ணை மட்டும் தூக்கிட்டு வரச் சொல்றீங்களா?"

படகு கரைக்கு வந்தது. ராம்கி இறங்கி ஓடிவிடுவான் என்று வீரையன் நினைத்தார். அவன் ஓடவில்லை. துண்டு மூட்டையைக் கையில் வாங்கிக்கொண்டான். வனத்துறை அலுவலகம் போகும் வழி முழுக்க, "அசையுதுண்ணே, உசுரு இருக்குண்ணே" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

வனவர் பூமிகா பணிக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் வேலையாகக் கால்நடை மருத்துவரை ஃபோனில் கூப்பிட்டார். பறவையை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து இருட்டாக மூடினார். அதற்குப் பிறகுதான் இவர்கள் பக்கம் திரும்பினார்.

"யாரு பறக்கவிட்டது?"

"நான்தான் மேடம்" என்றான் ராம்கி.

"நீங்க யாருங்க?"

"நான் எடுத்துக் குடுக்குறவனுங்க மேடம். இது அஞ்சாவது" என்றார் வீரையன்.

பூமிகா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இன்னைக்கு நடந்ததை மட்டும் கேட்டா போதும் எனக்கு. முன்னாடி நாலு எடுத்ததை நீங்களா எதுக்குச் சொல்றீங்க?"

"நான் எடுத்துக் குடுக்குறேன்னு தெரிஞ்சுதான் மேடம் தைரியமா விடுறாங்க. இந்தத் தம்பி அதைத்தான் சொன்னாரு. அதை எழுதலேன்னா கணக்கு சரியா வராது."

அதையும் எழுதிக்கொண்டார் பூமிகா. ட்ரோன் பறிமுதல் ஆனது. ராம்கிமேல் வழக்கு, பின்னால் அபராதம். வீரையன் இரண்டு மாதம் காட்டு வாய்க்கால்களுக்குள் போகக்கூடாது என்று எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவர் கட்டைவிரலுக்கு மஞ்சள் வைத்துக்கட்டக்கூட மறந்துவிட்டார். வள்ளியம்மைதான் பிடித்து உட்காரவைத்துக் கட்டினார்.

"ரெண்டு மாசம் உள்ள போகக்கூடாதாம்" என்றார் வீரையன்.

"ஆத்துல மீனு இல்லையா? அதை விடுங்க. கருடன் பொழைச்சிருமா, அதைச் சொல்லுங்க முதல்ல."

கிழிந்த இடத்தில் மருத்துவர் தையல் போட்டார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு பழைய அறையை ஒழித்து, வலை கட்டிப் பறவையை விட்டார்கள். ஆனால் இரண்டு நாளாக அது எதையும் தொடவில்லை. கடையிலிருந்து மீன் வாங்கிப் போட்டார்கள். பார்க்கவே இல்லை. மூன்றாம் நாள் காலை அலுவலக வாசலில் ஒரு இருமல் கேட்டது. வீரையன் இரண்டு மடவை மீனோடு நின்றிருந்தார். கோரையாற்றில் அப்போதுதான் பிடித்தது.

உள்ளே போய் மீனைத் துண்டாக்கி வைத்தார். பறவை அவரையே முறைத்தது. பூமிகாவும் வனக்காவலரும் வலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க மேடம். நாம பாத்துக்கிட்டே இருந்தா எப்படிச் சாப்பிடும்? மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி கூச்சப்படுது."

வனவரும் காவலரும் வீரையனும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து சதை கிழியும் சத்தம் கேட்டது. பூமிகா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார்.

அன்றிலிருந்து நாற்பத்தொரு நாள், ஒருநாளும் விடாமல் வீரையன் மீன் கொண்டுபோனார். எங்கள் வீட்டுக்கு இறால் வரவில்லை. கேட்டதற்கு, "ஆத்துல கிடைக்கிறதே கொஞ்சம்ங்க. அதுல நல்லதை இவரு அங்க கொண்டுபோயிடுறாரு" என்று வள்ளியம்மை சலித்துக்கொண்டார். ஆனால் எந்த மீன் அங்கே போகவேண்டும் என்று பொறுக்கி எடுத்ததே அவர்தான் என்று பிறகு தெரிந்தது. ராம்கியும் இரண்டு முறை வந்தான். முதல்முறை வெறுங்கையோடு வரக் கூச்சப்பட்டு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிவந்தான். காவலர்கள் பகிர்ந்து சாப்பிட்டார்கள்.

இதற்கிடையில் கூட்டைத் தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்துவந்த பூமிகா, இரண்டு குஞ்சில் ஒன்றுதான் தெரிகிறது என்று ஒருநாள் சொன்னார். துணைப் பறவை ஒற்றையாக இரை கொண்டுவந்து கொடுக்கிறது, அது ஒரு குஞ்சுக்குத்தான் போதுமானதாக இருந்திருக்கிறது என்றார். வீரையன் அன்று மீனை வைத்துவிட்டு, திரும்பி நிற்காமல் வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை. பூமிகா ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மாசிக் கடைசியில் பறவையை விட்டார்கள். பூமிகா எல்லாரையும் வனத்துறைப் படகில் கூட்டிப்போக, உப்பங்கழி விரியும் இடத்தில் பெட்டியைப் படகின் முனையில் வைத்துத் திறந்தார்கள். பறவை விளிம்பில் ஏறி நின்றது. எல்லாரையும் ஒருமுறை பார்த்தது. பிறகு பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் தண்ணீரைத் தொட்டுவிடும்போலத் தாழ்ந்தது. "ஐயோ சாமி!" என்று வள்ளியம்மை வீரையனின் தோளைப் பிடித்தார். சிறகு இரண்டு முறை அடித்தது. மூன்றாவது அடியில் மேலே ஏறியது. பிறகு அடிக்கவே இல்லை. விரித்த சிறகோடு காற்றில் சாய்ந்து காட்டுப் பக்கம் போனது. ராம்கி கழுத்தில் கேமராவை மாட்டியிருந்தான். எடுக்க மறந்துவிட்டேன் என்றான் பிறகு.

"துணையோட சேர்ந்துச்சா?" என்று நான் வீரையனைக் கேட்டேன்.

"காட்டுல அத்தனை கருடன் இருக்குங்க. நான் பாக்கலை. பாத்தேன்னு சொன்னா பொய்யாயிடும்" என்றார்.

இரண்டு மாதம் முடிந்து வாய்க்காலுக்குள் போக ஆரம்பித்துவிட்டார். எங்கள் வாசலில் மறுபடியும் இருமல் கேட்கிறது. இந்த வருடம் பொங்கலுக்கு மறுநாள் யாரோ ஃபோன் செய்தார்கள். வெளியூர்க்காரர், ஏதோ ஒரு ட்ரோன், எங்கேயோ விழுந்துவிட்டதாம். நானும் அங்கே இருந்தேன். வீரையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். மூன்று கேள்வியையும் கேட்டார். பிறகு, "முதல்ல வனவர் மேடத்துகிட்ட போயி நீங்களே சொல்லிடுங்க. அவங்களைக் கூட்டிக்கிட்டு படகுத்துறைக்கு வாங்க. நான் நிக்கிறேன்" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கெஞ்சல். "இல்லைங்க, பயப்படாதீங்க, நல்லவங்கதான்" என்று ஃபோனை வைத்துவிட்டுத் துண்டை எடுத்தார்.

"வருவாங்களா?" என்றேன்.

"வரலேன்னாலும் நான் போயிப் பாக்கணும்ல. கூடவே வேற எதும் விழுந்திருந்தா?"

வள்ளியம்மை உள்ளேயிருந்து ஒரு பழைய கெட்டித் துண்டைக் கொண்டுவந்து, அவர் தோளில் இருந்ததை எடுத்துவிட்டு அதைப் போட்டார். "இது இருக்கட்டும். விரலு தப்பும்."